வரத்து வாய்க்காலும் நெகிழிப் பையும்

விழுப்புரம் மாவட்டம் ஏரிப் பாசனத்தை நம்பி வளர்ந்த மாவட்டம். தென்பெண்ணையும் சங்கராபரணியும் மழைக் காலத்தில் பெருகி ஓடும் ஆறுகள். ஆண்டின் பிற மாதங்களில் நமது நெல்லுக்கும் கரும்புக்கும் மணிலாவுக்கும் உயிர் தருவன ஏரியில் தேங்கிய நீரும், அந்நீர் கீழிறங்கிக் கிணறுகளில் ஊறும் நீருமே ஆகும். ஏரிக்கு நீரைக் கொண்டு வருவது வரத்து வாய்க்கால். அவ்வாய்க்கால் அடைபட்டால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிடில் ஊர் செழிக்காது. முற்காலத்தில் வாய்க்காலை அடைத்தவை மண்ணும் கோரையும் காட்டாமணக்குமே. இன்று அவற்றோடு ஒரு புதிய பகையும் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் விலையின்றிக் கொடுக்க, நாம் கேள்வியின்றி வாங்கி வரும் மெல்லிய நெகிழிப் பையே அது. மக்கள் அதனைக் 'கவர்' என்பர். 'கேரி பேக்' என்பாரும் உளர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

இப்பையினால் விளையும் தீங்கு யாது, அதனைத் தடுக்கச் சட்டம் நமக்கு அளித்துள்ள அதிகாரம் யாது, ஓர் ஊராட்சி ஓராண்டுக்குள் செய்யக்கூடியது யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் முறையே காண்போம்.

ஒரு சிறுபாலம் கற்பித்த பாடம்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த இரு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. அத்தகைய மழையைத் தாங்கக்கூடிய வாய்க்கால் எந்த ஊரிலும் இல்லை. ஆகவே, அவ்வெள்ளத்திற்கு நெகிழிப் பையே காரணம் என்று கூறுவது உண்மையாகாது. ஆனால், மழை ஓய்ந்த பின்னர் நான் கண்ட ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

திண்டிவனத்திற்கு அருகிலுள்ள ஓர் ஊராட்சியில் பயிர்ச் சேதத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சுற்றுப்புற வயல்களில் நீர் வடிந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் சம்பாப் பயிர் முழங்கால் நீரில் மூழ்கிக் கிடந்தது. சாலைக்குக் குறுக்கே அமைந்த குழாய்ச் சிறுபாலம் அடைபட்டிருந்ததே அதற்குக் காரணம். ஆட்கள் இறங்கிக் கடப்பாரையால் நெம்பியபோது, குழாயின் வாயிலிருந்து பாய் முடைந்தாற்போன்ற ஒரு திரள் வெளிவந்தது. பைகள், தேநீர்க் குவளைகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள் யாவும் வைக்கோலோடும் சேற்றோடும் பின்னிக் கிடந்தன. அத்திரளை அகற்றிய சற்று நேரத்தில் நீர் ஓடத் தொடங்கியது. ஆனால், பயிர் அழுகிவிட்டது. வயலுக்கு உரிய பெரியவர், "ஐயா, மழை கெடுத்தது பாதி; நாமே எறிந்தது கெடுத்தது மீதி" என்றார். அவரைத் தேற்ற என்னிடம் சொல் இல்லை.

மண் நீரில் கரையும். இலையும் வைக்கோலும் மட்கும். நெகிழிப் பை கரைவதுமில்லை, மட்குவதுமில்லை. அதுமட்டுமன்று, ஒரு முள்ளிலோ கல்லிலோ சிக்கிய ஒரு பை, பின்னால் வரும் சருகையும் மண்ணையும் தடுத்து நிறுத்தும். அவ்வாறு ஒரு பை ஓர் அடைப்புக்கு அடித்தளம் ஆகிறது. இதுவே நெகிழிப் பைக்கும் பிற குப்பைக்கும் உள்ள வேறுபாடு.

நிலத்திற்கும் உயிருக்கும் நேரும் கேடு

முதலாவதாக, நிலம். வீட்டுக் கழிவைப் பையோடு முடிந்து எருக்குழியில் எறிகிறோம். கோடையில் அக்குழியின் எருவை வண்டியில் ஏற்றி வயலில் இறைக்கிறோம். எரு மண்ணோடு கலந்துவிடும். பை மண்ணுக்குள் விரிந்து கிடக்கும். அது கிடக்கும் இடத்தில் நீர் கீழிறங்காது, வேரும் இறங்காது. நமது பகுதியில் மல்லாட்டை என வழங்கும் மணிலாப் பயிரை எண்ணிப் பாருங்கள். பூத்த பின் அதன் விழுது மண்ணைத் துளைத்து இறங்கினால்தான் காய் பிடிக்கும். விழுது இறங்கும் இடத்தில் நெகிழித் துண்டு கிடந்தால் அங்கே காய் ஏது?

இரண்டாவதாக, கால்நடை. மாடு உதட்டாலும் நாவாலும் தீனியை வாரி விழுங்கும் பிராணி. ஆட்டைப் போல் பொறுக்கித் தின்னாது. சோறும் காய்த்தோலும் அடைத்த பை கிடைத்தால் பையையும் சேர்த்தே விழுங்கும். முதல் இரைப்பையில் தங்கும் நெகிழி சாணத்தோடு வெளியேறாது. அது சேரச் சேரத் தீனிக்கு இடம் குறையும், மாடு மெலியும், பால் வற்றும், வயிறு உப்பும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழியை அறுவை செய்து அகற்றினர். அப்பசு பட்டணத்துப் பசு, தெருவில் மேய்ந்தது. நமது பசுக்களும் சந்தைத் திடலிலும் பேருந்து நிலையத்திலும் மேய்கின்றன என்பதை மறக்கலாகாது. கறவை மாடு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போன்றது. அதனை ஒரு பைக்குப் பலி கொடுக்கலாமா?

மூன்றாவதாக, மக்களின் உடல்நலம். பையிலும் குவளையிலும் தேங்கும் மழைநீர் டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு ஏற்ற இடம். குப்பையைக் குவித்துத் தீ மூட்டுவது இதற்குத் தீர்வு அன்று. நெகிழி அரைகுறையாக எரியும்போது கரியும் நச்சு வாயுக்களும் எழுகின்றன. குளோரின் கலந்த நெகிழி அக்குவியலில் இருந்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும். அதனை முதலில் சுவாசிப்பவர்கள் அருகில் விளையாடும் குழந்தைகளும், தீ மூட்டிய தூய்மைக் காவலரும் ஆவர்.

இறுதியாக, நம் ஏரிகளின் உபரிநீர் எங்கே செல்கிறது என்பதையும் நோக்குக. திண்டிவனம், வானூர்ப் பகுதிகளின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் கழுவெளிக்குச் சென்று, மரக்காணத்திற்கு அருகே கடலை அடைகிறது. 5,000 எக்டேருக்கு மேற்பட்ட அக்கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேட்டூரில் எறிந்த பை பள்ளத்தூரின் நீரில் மிதக்கிறது. ஆகவே, இது ஓர் ஊரின் காரியம் மட்டுமன்று.

அள்ளுவது மட்டும் ஏன் போதாது?

"தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள், அள்ளிவிடுவார்கள்" என்று சிலர் கருதுகின்றனர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் 500 வீடுகள் எனவும், வீட்டுக்கு நாளொன்றுக்கு 3 பைகள் வருவன எனவும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,500 பைகள். ஆண்டுக்கு 5,47,500 பைகள். காவலர்கள் அயராது உழைத்து நூற்றுக்குத் தொண்ணூறு பைகளை அள்ளினாலும், எஞ்சிய 54,750 பைகள் வாய்க்காலிலும் வயலிலும் தங்கும். அடுத்த ஆண்டு அவற்றோடு இன்னும் அத்தனை சேரும். சென்ற ஆண்டின் பை மட்கிப் போயிருக்காது என்பதை நினைவில் கொள்க.

அள்ளிய பையையாவது விற்கலாமா எனின், அதுவும் எளிதன்று. தண்ணீர்ப் புட்டியைப் பழைய பொருள் வாங்குவோர் எடுத்துக்கொள்வர். சேறு படிந்த மெல்லிய பையை அவர்கள் தீண்டுவதில்லை. எடை மிகக் குறைவு. கழுவும் கூலியோ அதிகம். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கழிவு நெகிழியைத் தாரோடு சேர்த்துச் சாலை அமைக்கும் முறையைக் கண்டறிந்தார். 2002-இல் தமது கல்லூரி வளாகத்திலேயே அவ்வாறு சாலை அமைத்துக் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பகுதிக்கான இரண்டாம் கட்டத்தில், நெகிழிக் கழிவைத் துண்டாக்கிக் கட்டும் நிலையத்திற்கு ஒன்றியம் ஒன்றுக்கு 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்க வகை செய்யப்பட்டது. இவை பயனுள்ள ஏற்பாடுகளே. ஆயினும், இவற்றுக்குத் தேவை காய்ந்த, தூய நெகிழி. வாய்க்காலில் கிடந்து ஊறிய பை இதற்கு உதவாது. ஆதலின், பை ஊருக்குள் வருவதைக் குறைப்பதே முதல் வேலை. அள்ளுவது அதற்கு அடுத்த வேலை.

சட்டம் கூறுவது

2018 ஜூன் 5 அன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்வதாகத் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. அத்தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நெகிழிப் பை, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், நெகிழி பூசிய தட்டு, தெர்மாகோல் குவளை முதலியன அப்பட்டியலில் அடங்கும். பால், மருந்து போன்றவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

"இது தடித்த பை, இதற்குத் தடை இல்லை" என்று சில வணிகர்கள் கூறுவதுண்டு. மத்திய அரசின் விதிகள் பையின் கனத்தை மைக்ரான் கணக்கில் வரையறுத்தன. 2022 டிசம்பர் 31 முதல் அது 120 மைக்ரான் ஆயிற்று. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் 1,000-இல் ஒரு பங்கு. ஆனால், நம் மாநில ஆணையோ கனம் எதுவாயினும் நெகிழிக் கைப்பையைத் தடை செய்தது. இவ்வேறுபாட்டை ஊராட்சி உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

2016-ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், கிராம ஊராட்சிக்கும் இதில் நேரடிப் பொறுப்பை வகுத்தன. ஆகவே, இது மாவட்ட அதிகாரிகள் வந்து செய்ய வேண்டிய வேலை என்று காத்திருப்பது தகாது. 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் நம் பழைய வழக்கத்தையே நினைவூட்டியது. சந்தைக்கும் திருமணத்திற்கும் மஞ்சள் பையோடு சென்றுவந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

நான் செய்த தவறு

சட்டம் இருந்தும் பை ஏன் ஒழியவில்லை? இதற்கு விடையை என் சொந்தத் தோல்வியிலிருந்து கற்றேன். முன்னர்ப் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஒரு பெரிய ஊராட்சியில் மாணவர் ஊர்வலம் நடத்தினோம். வீட்டுக்கு ஒரு துணிப்பை இலவசமாக வழங்கினோம். கடைகளில் பைகளைப் பறிமுதல் செய்தோம். படம் எடுத்து அறிக்கையும் அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துச் சென்று பார்த்தால், தெருவெங்கும் முன்போலவே பைகள்! இலவசத் துணிப்பைகளோ பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

கடைக்காரர் ஒருவர் மறைக்காமல் கூறினார்: "நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள், ஐயா. எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்." இறைச்சிக் கடைக்காரர், "ஈரமான பொருளை எதில் கட்டிக் கொடுப்பது?" என்று கேட்டார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. நாங்கள் பையைப் பறித்தோமேயன்றி, அதன் இடத்தில் என்ன வர வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கடைக்காரரைக் குற்றவாளியாக்கினோமேயன்றி, அவரை அழைத்துப் பேசவில்லை.

மறுமுறை முறையை மாற்றினோம். முதலில் எல்லாக் கடைக்காரர்களையும் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டி ஒரே நாளைக் குறித்தோம். வெறுங்கையுடன் வருவோருக்கு இரவல் பை ஏற்பாடு செய்தோம். இறைச்சிக்கும் மீனுக்கும் பாத்திரம் கொண்டுவரச் சொல்லி ஒரு மாதம் முன்பே தண்டோரா போட்டோம். நெகிழிப் பை முற்றிலும் ஒழிந்தது என்று கூற மாட்டேன். சந்தை நாளில் வெளியூரார் கொண்டுவருவது தொடர்ந்தது. ஆயினும், அடுத்த மழைக்கு முன் வாய்க்காலைத் துப்புரவு செய்தபோது அள்ளிய குப்பை கண்கூடாகக் குறைந்திருந்தது.

பிறர் அனுபவம்

வங்காள தேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் வடிகால்களை நெகிழிப் பைகள் அடைத்ததைக் கண்டனர். 2002-இல் உலகிலேயே முதல் நாடாக மெல்லிய பைகளைத் தடை செய்தனர். ஆனால், கண்காணிப்புத் தளர்ந்ததும் பைகள் மீண்டும் பெருகின. 2024-இல் மறுபடியும் தடையை வலியுறுத்த வேண்டியதாயிற்று. அதே 2002-இல் அயர்லாந்து நாடு பையைத் தடை செய்யாமல், பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தது. பையின் உபயோகம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது. விலையில்லாப் பொருளை மனிதர் எண்ணாமல் எறிவர். விலை கொடுத்த பொருளை எண்ணிப் பார்ப்பர். நம் மாநிலத்திலேயே, நீலகிரி மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டளவில் அன்றைய ஆட்சியர் சுப்ரியா சாஹு நெகிழி ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுதும் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஒரு மாவட்டம் வழிகாட்டியது. இம்மூன்று அனுபவங்களும் கூறுவது ஒன்றே: தடையாணை தொடக்கமே, இடைவிடாக் கவனமும், மாற்றுப் பொருளும், சிறு விலையும் சேர்ந்தால்தான் பழக்கம் மாறும்.

ஓராண்டு வேலைத் திட்டம்

விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் 688 கிராம ஊராட்சிகள் உள்ளன. இவற்றில் சிறிய ஊராட்சியும் செய்யத்தக்க வேலைகளைக் கீழே வரிசைப்படுத்தியுள்ளேன்.

1. கணக்கெடுப்பு. எந்தெந்தக் கடையிலிருந்து பை வருகிறது, எந்தெந்தச் சிறுபாலத்தில் தங்குகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொள்க. நெடுஞ்சாலையோர ஊர்களில் பயணிகள் எறிவதும், மேல்மலையனூர் போன்ற தலங்களுக்கு அமாவாசைதோறும் செல்லும் கூட்டம் வழியில் விட்டுச் செல்வதும் தனியே குறிக்கப்பட வேண்டும்.

2. கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களுள் ஒன்றில் தீர்மானம் நிறைவேற்றுக. கடைக்காரர்கள் அனைவரையும் அதற்கு முன்பே அழைத்துப் பேசி, பை நிறுத்தும் நாளை அவர்கள் வாயாலேயே அறிவிக்கச் செய்க.

3. மாற்றுப் பை. மகளிர் சுய உதவிக் குழுவினர் பழைய வேட்டி, புடவைகளைக் கொண்டே பை தைக்கலாம். இலவசமாகக் கொடுக்காமல் சிறு விலைக்கு விற்பதே நன்று. ஒவ்வொரு கடையிலும் சில பைகளை வைத்து, 10 ரூபாய் முன்பணம் பெற்று இரவல் கொடுக்கலாம். பையைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தரலாம். துணிப்பையும் பலமுறை பயன்பட்டால்தான் பலன் தரும் என்பதை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

4. போலியை அறிதல். துணிபோல் தோன்றும் நெய்யாத பைகள் சில உண்டு. அவை பாலிப்புரொப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனவை. ஓரத்தில் ஓர் இழையைக் கிள்ளித் தீயில் காட்டினால் நெகிழி உருகி மணியாகத் திரளும். பருத்தி எரிந்து சாம்பலாகும். குழுவினர் துணி வாங்கும்போது இச்சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

5. ஈரப் பொருள்களுக்கு ஏற்பாடு. இறைச்சி, மீன், மாவு, குழம்பு ஆகியவற்றுக்குத் தூக்குவாளியே தக்கது. பூவுக்கும் பலகாரத்திற்கும் வாழையிலை, மந்தாரையிலை உள்ளன. பனை மிகுந்த நம் பகுதியில் ஓலைக் கூடை முடைவோருக்கும் இதனால் பிழைப்பு உண்டாகும்.

6. சந்தையும் விழாவும். வாரச் சந்தையை ஏலம் விடும்போதே, நெகிழிப் பை விற்கலாகாது என்பதை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். திருவிழாவிலும் திருமணத்திலும் தாம்பூலத்தைத் துணிப்பையில் கொடுக்கலாம்.

7. தரம் பிரித்தல். பால் உறை போல் தவிர்க்க முடியாதவற்றைக் கழுவி உலர்த்தித் தனியே தூய்மைக் காவலரிடம் கொடுக்க வேண்டும். எரிப்பதை அறவே நிறுத்த வேண்டும்.

8. மழைக்கு முன் சோதனை. ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் வரத்து வாய்க்கால், சிறுபாலம், மதகு, கலங்கல் யாவற்றையும் உறுப்பினர்கள் நேரில் சென்று பார்வையிட வேண்டும். ஒவ்வொரு சிறுபாலத்திலும் எத்தனை மூட்டை நெகிழி அள்ளப்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அந்த எண் குறைந்ததா என்பதே நமது வேலைக்குச் சரியான அளவுகோல். ஊர்வலத்திற்கு வந்தோர் தொகை அளவுகோல் ஆகாது.

கூட்டத்தில் ஆராய்வதற்குச் சில வினாக்கள்

அ. நமது ஊரில் மழைநீர் முதலில் தேங்கும் இடம் எது? அங்கே அடைப்பை உண்டாக்கும் பொருள் எது?
ஆ. நம் ஊர்க் கடைகள் அனைத்தும் ஒரே நாளில் பை கொடுப்பதை நிறுத்தத் தடையாக இருப்பது யாது?
இ. இன்று இக்கூட்டத்திற்கு வந்துள்ளோரில் எத்தனை பேர் வீட்டிலிருந்து பை கொண்டுவந்தோம்?

மூன்றாவது வினாவைத் தலைவரும் உறுப்பினர்களும் முதலில் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்; அதிகாரிகளாகிய நாங்களும் அதற்கு விலக்கல்லர். தலைவர் துணிப்பையோடு கடைக்குப் போகும் ஊரில், பிறரும் அவ்வாறு போக நாட்கள் அதிகம் ஆகா. ஏரியை வெட்டித் தந்தவர்கள் நம் முன்னோர். வாய்க்காலைத் திறந்து வைத்திருப்பது நம் கடமை. அக்கடமை மண்வெட்டி எடுக்கும் நாளில் தொடங்குவதன்று. கடைக்குப் புறப்படும்போது சுவரில் மாட்டியிருக்கும் பையைக் கையில் எடுக்கும் அந்தக் கணத்திலேயே தொடங்குகிறது.